பாய்லர்காரர் எள் விதைத்த வருஷம்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். சாய ஆலையில் கொதிகலனுக்கு எதிரே ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு, விரல் தடிமன் கண்ணாடிக் குழாயில் ஏறி இறங்கும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் பார்த்த உத்தியோகம். குழாயில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போனால் கொதிகலன் காயும். காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் ஆலையோடு அடுத்த தெருவும் போகும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேஸ்திரி இதைச் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று, அவர் ஏற்றிவிட்ட பயம் மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்தது.

ஒரு தடவைகூட அவர் பார்வையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியதில்லை. அதனால் எல்லாரும் மரியாதையாக 'பாய்லர்காரர்' என்றார்கள். ஆனால் அந்தக் கவனம் ஆலை வாசலோடு நிற்கவில்லை, அவரோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கும் வந்தது. குடம் பாதியானால் உடனே ரொப்பிவிடுவார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் நேரமானால் தெருமுனையில் போய் நிற்பார். அவர் மனைவி வாய்த்துடுக்குக்காரி. "எள்ளுன்னா எண்ணெயா நிக்கிற ஆளைப் பாத்திருக்கேன். இந்த மனுஷர் நாம எள்ளுன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள, எண்ணெய் தீந்துபோச்சுன்னா என்ன பண்றதுன்னு கவலைப்பட ஆரம்பிச்சுடுவாரு" என்பாள்.

மகள் வளர்ந்து கல்யாணமாகித் தூரத்து நகரத்துக்குப் போனாள். ஆலையில் புது இயந்திரம் வந்தது. அதுவே தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும், குறைந்தால் அதுவே ஊற்றிக்கொள்ளும். பாய்லர்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் பயப்பட ஒன்றும் இல்லாததால் எல்லாவற்றுக்கும் பயப்பட ஆரம்பித்தார். காஸ் சிலிண்டரை மோந்து பார்த்தார். மாடிப்படியில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அது வளருகிறதா என்று தினம் போய்ப் பார்த்தார். இப்படியே விட்டால் ஆள் இளைத்துப்போவார் என்று மனைவிக்குத் தோன்றிவிட்டது. அவள் பங்குக்கு வந்த நிலம், தம்பியின் நிலத்தை ஒட்டி வெகு நாளாகத் தரிசாகக் கிடந்தது. கிணறும் மோட்டாரும் அக்காவுக்கும் தம்பிக்கும் பொது.

"எள்ளு போடலாங்க. ஆடு மாடு அவ்வளவா வாய் வைக்காது. நம்ம வெயிலுக்கும் தாங்கும். தண்ணியும் ரொம்பக் கேக்காது" என்றாள்.

தண்ணீர் கேட்காது என்ற பேச்சு அவர் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. தண்ணீர் கேட்காத ஒரு பொருளை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

மனைவியின் தம்பி நிதானமான ஆள். இரண்டு மாடும் தீவனச் சோளமுமாகப் பிழைப்பை ஓட்டுகிறவன். நிலத்தை உழுது கொடுத்துவிட்டுச் சொன்னான்: "மாமா, அவசரப்படாதீங்க. இன்னும் ராத்திரியில குளிருது. மண்ணுல சூடு ஏறட்டும். குளிர்ந்த மண்ணுல எள்ளு கண்ணைத் திறக்காது."

"தள்ளிப்போனா என்ன ஆகும் மாப்ள?"

"ரொம்பத் தள்ளினா பூக்கற நேரத்துல அனல்காத்து அடிக்கும், அறுக்கற நேரத்துல மழை பிடிச்சுக்கும். அந்த அளவுக்கும் போகக் கூடாது."

கேட்ட இரண்டில் பின்னால் சொன்னது மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினால் பூவெல்லாம் அனலில் கருகிக் கொட்டியது, அறுத்துப் போட்ட செடியெல்லாம் மழையில் மிதந்தது. அந்த வாரமே, மச்சான் சந்தைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, விதையைத் தூவி, மோட்டாரைப் போட்டு, பாத்தி நிறையத் தண்ணீர் கட்டிவிட்டார். வேலை முடிந்த நிம்மதியில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

முளைக்கவில்லை. தினம் விடிந்ததும் போய்க் குனிந்து பார்த்தார். ஈர மண் மேலே பாளம் பாளமாக இறுகிக் கிடந்தது. மச்சான் ஒரு பாளத்தைப் பெயர்த்துக் காட்டினான். அடியில் விதை ஊறி, வெளுத்து, அழுகியிருந்தது.

"மாமா, இது குளிருக்குப் பாதி செத்துது, தண்ணிக்கு மீதி செத்துது" என்றான்.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

இரண்டாவது தடவை பொறுத்திருந்தார். பொறுத்திருந்தார் என்று சொல்வது சுலபம். தினமும் விடிகிற நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உழுத மண்ணில் நிற்பார். பாதம் சில்லென்று ஆகும், திரும்பி வந்துவிடுவார். பக்கத்து நிலங்களில் யாராவது விதைக்கிறார்களா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். ஒரு நாள் காலையில் மண் பாதத்தை உறுத்தவில்லை. முந்தின நாள் வெயில் அதற்குள் இன்னும் மிச்சம் இருந்தது. ஓடிப்போய் மச்சானை எழுப்பிக் கூட்டிவந்தார்.

மச்சான் கையை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துத் தலையாட்டினான். பொடி மணலோடு விதையைக் கலந்து, கோடு கோடாகச் சால் போட்டு, மெல்லிசாகத் தூவி, மண் மேலாக மூடுகிற மாதிரி இழுத்துவிட்டார்கள். தண்ணீரையும் மச்சானே நனையக் கட்டினான், தேங்க விடவில்லை. ஒரு வாரத்துக்குள் பச்சைக் கோடு கிழித்த மாதிரி முளை வந்தது. முளை பிழைத்து நிற்க உயிர்த்தண்ணீர் என்று ஒன்று விட்டார்கள். பாய்லர்காரருக்கு அந்தப் பேரே பிடித்துப்போனது.

அடுத்து மனைவி வந்து, நெருக்கமாக இருந்த நாற்றுகளைப் பிடுங்கிப் போட ஆரம்பித்தாள். அவர் பதறிப்போனார்.

"ஏம்மா, நல்லா இருக்கறதைப் பிடுங்கறியே!"

"ஒரு பெஞ்சுல பத்துப் பேரை உக்கார வெச்சா எவன் படிப்பான்? நகருங்க."

செடி முழங்கால் உயரம் வந்தது. வெயிலும் கூடவே வளர்ந்தது. உச்சி நேரத்தில் நிலத்துக்கு மேலே காற்று தண்ணீர் மாதிரி நெளிந்தது. அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். காலையில் விறைப்பாக நின்ற இலையெல்லாம் மத்தியானம் துவண்டு தொங்கியது. வீட்டுக்கு ஓடினார்.

"செடி வாடுதும்மா. தண்ணி விடணும்."

"மத்தியான வெயில்ல நீங்களும்தான் வாடறீங்க. உங்களைத் தொட்டியில போட்டா வெச்சிருக்கேன்? சாயங்காலம் பாருங்க, தானா நிமிரும்."

சாயங்காலம் நிமிர்ந்தது. ஆனால் மறுநாள் மத்தியானம் மறுபடி துவண்டது. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் செடிகளோடு நின்றார், ஏதோ நோயாளிக்குத் துணை இருப்பதைப் போல. மனைவி தூரத்திலிருந்து சத்தம் போட்டாள்: "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குங்க கூடக் காயுது? உள்ள வாங்க!"

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். ஆனால் அவரால் தாங்க முடியவில்லை. மனைவி மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மோட்டார் ரூமுக்குப் போனார். ஸ்டார்ட்டரை அமுக்கினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்ததைப் பார்த்ததும் மனசு லேசானது. மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். நிலத்தின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் பள்ளம், தண்ணீரெல்லாம் அங்கே போய்த் தேங்கியது. பள்ளத்துச் செடிகள் குளத்தில் நிற்பதைப் போல நின்றன. அவருக்கு அதைப் பார்க்கத் திருப்தியாகக்கூட இருந்தது.

அந்த வாரமே பள்ளத்துச் செடிகள் மஞ்சளடித்தன. மஞ்சளைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் விட்டார். பிறகு தண்டு அடியில் கறுத்தது. மனைவி வந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் அழுகி, நனைந்த நூல் மாதிரிக் கையோடு வந்தது. அவள் நிலத்தைப் பார்த்தாள், வாய்க்காலின் ஈரத்தைப் பார்த்தாள், கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

அவர் கண் மோட்டார் ரூம் பக்கம் போனது.

"நீங்க தண்ணி விட்டது செடிக்கு இல்லைங்க. உங்க பயத்துக்கு" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டாள்.

அந்த வார்த்தை அவரைக் குடைந்தது. அன்றிலிருந்து நிலத்துக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் விடுவதும் நிறுத்துவதும் அக்காவும் தம்பியும் பேசி முடிவு செய்தார்கள். பள்ளத்தில் ஒரு மூலை போனதே தவிர மற்றதெல்லாம் தேறிக்கொண்டது. செடி கிளைத்தது, மொட்டு வைத்தது.

இந்த நேரத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. அவளுக்குப் பிரசவ மாதம் நெருங்கியிருந்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார், அம்மா வந்தால் தேவலை என்றாள். பாய்லர்காரர் தானும் வருவதாகப் பெட்டியை எடுத்தார்.

"ரெண்டு பேரும் போனா பயிரை யாரு பாக்கறது? தம்பிக்கு மாடு இருக்கு" என்றாள் மனைவி. "பூ எடுக்கப் போகுது. பூக்கற நேரத்துல மட்டும்தான் அதுக்கு உண்மையாவே தண்ணி வேணும். அப்போ காயவிட்டா பூ கொட்டிடும்." சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "தம்பியைக் கேட்டுச் செய்யுங்க."

"இங்க இருந்துக்கிட்டு நான் என்னத்தைப் பண்ணுவேன்? நெஞ்சு அங்கேயே கிடக்கும்."

"கிடக்கட்டும். கை இங்க இருந்தாப் போதும்."

அவள் போன பிறகு வீடு அவருக்குப் பெரிதாகிவிட்டது. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார், வைத்துக்கொண்டே படுத்தார். செடிகளில் வெள்ளையும் இளம் ஊதாவுமாக, சின்ன மணி கவிழ்ந்த மாதிரிப் பூ வந்தது. அதே நேரத்தில் மேற்கிலிருந்து அனல்காற்றும் வந்தது. கதவைத் திறந்தால் அடுப்பு மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது.

மச்சானைக் கூப்பிட்டார். அவன் பார்த்துவிட்டு, "ஆமாம் மாமா, இப்போ விட வேண்டியதுதான்" என்றான். பாய்லர்காரர் பூட்டைத் திறந்து ஸ்டார்ட்டரை அமுக்கினார். மோட்டார் உறுமியது, ஒரு தடவை இருமியது, அப்புறம் கருகின ரப்பர் வாசனை வந்து அடங்கிப்போனது.

மோட்டாருக்குள் இருந்த செப்புக்கம்பிக் காயில் எரிந்துவிட்டது. இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் போட்டு, காயில் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் வயிற்றைத் திறந்து போட்ட மோட்டார்கள்.

"வரிசையில வைங்க" என்றார் கடைக்காரர், தலையைத் தூக்காமலே.

"பூவுல நிக்குதுங்க பயிரு. இன்னிக்கே கிடைக்குமா?"

"இங்க கிடக்கற மோட்டாரெல்லாம் கல்யாண ஊர்வலத்துக்கா வந்திருக்கு? எல்லாருக்கும் பயிருதான். வார கடைசியில வாங்க."

திரும்பி வரும்போது செடிகளுக்கு அடியில் பூ கொட்டிக் கிடந்தது. அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இது பயமா, உண்மையா? அதுதான் அவருக்குத் தெரியவில்லை. பள்ளத்தை அழித்த அதே பதற்றம்தான் இப்போதும் நெஞ்சில் அடிக்கிறது. அன்றைக்கும் இப்படித்தானே நிச்சயமாகத் தோன்றியது?

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் மச்சானின் சிமெண்டுத் தொட்டி இருந்தது. மின்சாரம் இல்லாத நாளுக்காக நிரப்பி வைத்திருப்பான். மச்சான் அதை எட்டிப் பார்த்துத் தாடையைச் சொறிந்தான்.

"மாடு ரெண்டுக்கும் மோட்டார் வர்ற வரைக்கும் இதுதான் மாமா. அடியில ஒரு முழம் விட்டுட்டு மீதியை எடுத்துக்குங்க. ஆனா முழு நிலத்துக்கும் காணாது."

பழைய பாய்லர்காரராக இருந்தால் தொட்டியைத் திறந்துவிட்டுவிட்டுத்தான் யோசித்திருப்பார். இப்போது ஒரு களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குள் போனார். மேட்டுப் பக்கம் வேருக்கு அருகில் கொத்தி, அடிமண்ணை எடுத்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விட்டார். பொடியாக உதிர்ந்தது. நடுப்பகுதியில் எடுத்தார். பிடித்தது, ஆனால் விரலால் தொட்டதும் உடைந்தது. பள்ளத்துப் பக்கம் எடுத்தார். உருண்டையாக நின்றது, உள்ளங்கை ஈரமானது. மேலே இலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் துவண்டிருந்தது. கீழே மண் மூன்று விதமாகப் பேசியது. நம்பிக்கை வராமல் இன்னும் பல இடங்களில் கொத்திப் பார்த்தார். மாறவில்லை.

"மாப்ள, பள்ளத்துக்கு வேண்டாம். மேட்டுக்கும் நடுவுக்கும் மட்டும் விடுவோம். அதுலயும் ஒரு சால் விட்டு ஒரு சால். பக்கத்துச் சால்ல இருந்து வேரு உறிஞ்சிக்காதா?"

மச்சான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "உறிஞ்சும். சரியா வரும்னுதான் தோணுது."

"தோணுதா, தெரியுமா?"

"மாமா, விவசாயத்துல தோணுறதுதான் உண்டு."

காற்று ஓயட்டும் என்று வெயில் சாயும்வரை காத்திருந்து தொட்டியைத் திறந்தார்கள். மச்சான் தொட்டியடியில் நின்றான். பாய்லர்காரர் மண்வெட்டியோடு சால் சாலாக மடை திறந்து, தண்ணீர் கடைசிவரை போனதும் மடை அடைத்து, அடுத்ததற்குப் போனார். பாதி ஆகவில்லை, சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் கேலி இல்லை. "அழுத்தம் ரொம்ப ஏறிடுச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணுமாம். இப்போதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

அவருக்குக் காலடியில் நிலம் நழுவியது. உண்மையாகவே ஏதோ நழுவியது. நடுப்பகுதியின் கரை உடைந்து, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"இரு, இரு, கட் பண்ணாதே" என்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மண்ணை வெட்டிப் போட்டார். போட்டது கரைந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அணைத்து வைத்தார். "பேசு... டாக்டர் என்ன சொன்னாரு... பேசு..." காதில் ஒன்றும் கேட்கவில்லை. போன் நழுவிச் சேற்றில் விழுந்திருந்தது. எடுத்துத் துடைத்தார். உயிர் இல்லை.

கரை நின்றது.

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய் பஸ் பிடித்தாலும் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். இங்கே தண்ணீர் சாலின் வாயில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. எழுந்தார். அடுத்த மடையைத் திறந்தார். அழுதாரோ என்னவோ, முகமெல்லாம் சேறாக இருந்ததால் மச்சானுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சாலுக்கும் அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. ஒரு சால்கூடத் தவறவில்லை, ஒரு சாலிலும் கூடுதலாக நிற்கவில்லை. தொட்டியில் மாட்டுக்கு விட்ட முழம் அப்படியே இருக்க, மச்சான் அடைப்பைப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் மச்சானின் போன் அடித்தது. அவன் கேட்டுக்கொண்டே வரப்பில் ஓடி வந்தான்.

"மாமா! பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்!"

பாய்லர்காரர் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"என்னங்க, இருக்கீங்களா?" என்றாள் மனைவி. "ஏன் போன் எடுக்கலை? நான் இங்க பயந்தே போயிட்டேன்."

"நீ பயந்தியா?" என்றார் அவர்.

"பின்ன? நான் என்ன கல்லா?"

இத்தனை வருஷத்தில் அவள் பயந்ததாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. "ஒண்ணும் இல்லம்மா. கரை உடைஞ்சுது, அடைச்சிட்டேன்" என்றார்.

அனல்காற்று இன்னும் சில நாள் அடித்தது. மேட்டில் பூ கொட்டுவது குறைந்தது. பள்ளத்துப் பக்கம் தண்ணீர் இல்லாமலே தாக்குப்பிடித்தது. நடுவில் ஒரு பட்டை மட்டும் காய் பிடிக்காமல் போனது. அங்கே கணக்குத் தப்பிவிட்டது என்று அவரே ஒத்துக்கொண்டார். மோட்டார் வந்ததும், காய் திரளும் நேரத்தில், மண்ணைக் கொத்திப் பார்த்து ஒரே ஒரு தண்ணீர் விட்டார்கள். அதற்கு மேல் விடக் கூடாது என்றான் மச்சான். அடி இலை பழுத்து உதிர ஆரம்பித்தபோது பாய்லர்காரருக்கு மறுபடி கை பரபரத்தது. சாவியை மச்சானிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் குடுக்காதே" என்றார். இரண்டு தடவை கேட்கவும் செய்தார். அவன் கொடுக்கவில்லை.

மனைவி திரும்பி வந்த வாரம் அடிக்காய்கள் மஞ்சளாயின. இனி தாமதித்தால் காய் நிலத்திலேயே வெடித்து விதை சிந்திவிடும். மூன்று பேருமாக அறுத்துக் கட்டுக் கட்டாகக் கட்டி, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினார்கள். காய வேண்டும், அதுவரை மழை வரக் கூடாது. தெற்கே தினமும் மேகம் கூடியது. பாய்லர்காரர் தார்ப்பாயை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு மேகத்துக்கும் கட்டுக்கும் நடுவில் நடந்தார். வெயிலில் காய்கள் 'டிக், டிக்' என்று வெடிக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தார்.

"அது நல்ல சத்தங்க" என்றாள் மனைவி. "உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆனால் தார்ப்பாயை விடவில்லை.

மேகம் ஒரு நாள் தூறிவிட்டு வேறு பக்கம் போனது. அடுத்த வெயிலில் தார்ப்பாயை விரித்து, மனைவி முதல் கட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாள். எள் சரசரவென்று கொட்டியது. மச்சான் அடுத்த கட்டைக் கொண்டுவந்தான். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்போது வருவாள், அந்தப் பஸ்ஸில் கூட்டம் இருக்குமா, குழந்தைக்கு வெயில் ஒத்துக்குமா என்று கேட்டுக்கொண்டே பாய்லர்காரர் விளிம்பைத் தாண்டி ஓடிய எள்ளையெல்லாம் விரலில் ஒற்றி ஒற்றி எடுத்துக் குவியலில் போட்டுக்கொண்டிருந்தார்.